செஞ்சிக் கோட்டைப் பாலமும் நம் வீட்டு வைஃபை பெட்டியும்



கொஞ்சம் நீண்ட பதிவு இது. வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

சில மாதங்களாக உங்களில் பலர் ஒரே விஷயத்தைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். "சார், கீழ் வீட்டில் வைஃபை நன்றாக வருகிறது, மாடியில் வரவில்லை. இன்னொரு ரவுட்டர் வாங்கலாமா?" என்று ஒருவர். "வீட்டில் இருக்கிற நெட்டை அரை கிலோமீட்டர் தள்ளி மோட்டார் கொட்டகைக்குக் கொண்டுபோய் கேமரா மாட்ட முடியுமா?" என்று இன்னொருவர். சென்னையில் இருக்கும் என் தம்பி மகன் போன வாரம் போன் செய்து, "பெரியப்பா, எனக்கு வேண்டியது ரவுட்டரா, பிரிட்ஜா? கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்கிறார்" என்றான்.

இரண்டும் ஒன்றல்ல. பார்க்க ஒரே மாதிரிப் பெட்டி, ஒரே மாதிரி ஆன்டெனா. ஆனால் செய்கிற வேலை வேறு. அது தெரியாமல் நம் ஊர்களில் எத்தனையோ பேர் கையில் இருக்கும் காசைத் தவறான பெட்டியில் போடுகிறார்கள். நான் இன்ஜினியர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, காலமெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவன். எந்தப் பொருளானாலும் அது ஏன் வந்தது, எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் எனக்குப் புரியும். அதனால் சரித்திரமாகவே சொல்கிறேன்.

முதலில் நம் செஞ்சிக் கோட்டைக்குப் போவோம். சுற்றுலாவுக்கு உங்களையெல்லாம் வரிசையில் அழைத்துப்போன இடம்தான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்க்கம் என்று மூன்று மலை. மூன்றையும் சேர்த்து முக்கோணமாக ஓடும் மதில். 1677இல் சிவாஜி கையில் வந்த கோட்டை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 12 மராட்டியக் கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான்.

ராஜகிரி உச்சிக்கு ஏறும்போது, கடைசிக் கட்டத்தில் ஒரு பெரிய பாறைப் பிளவு வரும், ஞாபகம் இருக்கிறதா? ஏறத்தாழ 24 அடி அகலம், 60 அடி ஆழம் என்று பழைய மாவட்டக் குறிப்புகள் சொல்கின்றன. அந்தப் பிளவின் மேல் அந்தக் காலத்தில் மரப்பாலம் போட்டிருந்தார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கமும் ராஜா ஆட்சிதான், அந்தப் பக்கமும் அதே ராஜா ஆட்சிதான். இரண்டு பாறைகளை ஒரே இடமாக்குவதுதான் பாலத்தின் வேலை. நடப்பவனிடம் "நீ எந்த ஊர், எங்கே போகிறாய்?" என்று பாலம் கேட்பதில்லை.

அடிவாரத்துக் கோட்டை வாசல் அப்படி இல்லை. உள்ளே இருப்பது ஒரு உலகம், வெளியே இருப்பது இன்னொரு உலகம். வாசலில் இருப்பவன் வருகிறவனை நிறுத்துவான், விசாரிப்பான், "இவர் அரண்மனைக்கு, அவர் தானியக் களஞ்சியத்துக்கு" என்று வழி சொல்வான். வேண்டாதவனைத் திருப்பி அனுப்புவான்.

பிரிட்ஜ் என்பது அந்தப் பாலம். ரவுட்டர் என்பது வாசலும் அங்கே நிற்கும் ஆளும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

மீதிப் பாதிக்குத் தண்டோரா உதவும். முன்பெல்லாம் ஊரில் ஒரு செய்தி சொல்ல வேண்டுமானால் பறையடித்துத் தெருத்தெருவாகச் சொல்வார்கள். அந்த வேலையைக் குறிப்பிட்ட மக்கள் தலையில் கட்டியது ஒரு கொடுமை. தண்டோரா வேண்டாம், ஒலிபெருக்கி போதும் என்று 2022இல் தமிழக அரசே சொன்னது. நல்லது. இங்கே நான் எடுத்துக்கொள்வது அதன் எல்லையை மட்டும். தண்டோரா ஒரு ஊருக்குள் எல்லார் காதிலும் விழும். அடுத்த ஊருக்குப் போகாது.

கணினிகளும் தங்களுக்குள் தண்டோரா போடுகின்றன. உங்கள் செல்போன் வைஃபையில் சேர்ந்ததும் "இங்கே முகவரி கொடுக்கிறவர் யார்?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கூவும். மடிக்கணினி "இந்த முகவரிக்காரர் யார், கை தூக்குங்கள்" என்று கூவும். நடுவில் பிரிட்ஜ் இருந்தால் அந்தத் தண்டோரா அக்கரைக்கும் போகும், ஏனென்றால் இரண்டு கரையும் ஒரே ஊர். ரவுட்டர் இருந்தால் எல்லையோடு நின்றுவிடும், ஏனென்றால் அந்தப் பக்கம் வேறு ஊர். இரண்டுக்கும் உள்ள அடிப்படை வித்தியாசம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைத்தது.

இனி வரலாறு.

1971இல் ஹவாய் தீவுகளில் நார்மன் ஆப்ராம்சன் என்ற பேராசிரியரும் அவர் குழுவினரும் ஆலோஹாநெட் என்ற வலையை ஓடவிட்டார்கள். பல்கலைக்கழகத்தின் பெரிய கணினி ஹொனலுலுவில். அதைப் பயன்படுத்த வேண்டியவர்கள் பக்கத்துத் தீவுகளில். நடுவில் கடல். அதனால் ரேடியோ அலையில் செய்தியைச் சிறு சிறு பொட்டலங்களாக அனுப்பினார்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசிப் பொட்டலங்கள் மோதிவிட்டால்? இருவரும் ஆளுக்கொரு சிறு நேரம் காத்திருந்து மறுபடி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். வகுப்பில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் பதில் சொன்னால் நாம் செய்வதுதானே. இன்று உங்கள் வீட்டு வைஃபையும் அந்த யோசனையின் பேரப்பிள்ளைதான்.

அந்த யோசனையைப் படித்துத்தான் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் பாப் மெட்காஃப் 1973இல் ஈதர்நெட்டை முன்வைத்தார். இது கம்பி வழி. ஒரே கம்பியில் பல கணினிகள் தொங்கும். ஆனால் கம்பிக்கு ஒரு எல்லை உண்டு. அந்தக் காலத்துத் தடித்த ஈதர்நெட் கம்பி ஒரு துண்டு 500 மீட்டர்தான் போகும். கட்டடம் பெரிதானால், கணினிகள் கூடினால், நெரிசல்.

அதற்குத் தீர்வாக 1980களில் வந்தது பிரிட்ஜ். இரண்டு கம்பிகளுக்கு நடுவே உட்கார்ந்து, இரண்டு பக்கமும் காது கொடுத்துக் கேட்கும் பெட்டி. ஒவ்வொரு கணினிக்கும் தயாரிக்கும்போதே ஒரு எண் பதித்திருப்பார்கள். மேக் முகவரி என்று அதற்குப் பெயர். பிறந்தபோது வைத்த பெயர் மாதிரி, எந்த ஊருக்குப் போனாலும் அதேதான். இந்தப் பெயர்க்காரர் இடப்பக்கம், அந்தப் பெயர்க்காரர் வலப்பக்கம் என்று பிரிட்ஜ் கேட்டுக் கேட்டே தெரிந்துகொள்ளும். யாரும் சொல்லித்தர வேண்டாம். இடப்பக்கத்தார் இருவர் பேசிக்கொண்டால் வலப்பக்கம் விடாது. அக்கரைக்கான பேச்சை மட்டும் அனுப்பும். யாரென்று தெரியாத ஆளுக்கான செய்தியையும் தண்டோராவையும் இரண்டு பக்கமும் விட்டுவிடும்.

இதில் ஒரு ஆபத்து இருந்தது. ஒரு பாலம் உடைந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு பாலம் போட்டால், ஒரு தண்டோரா முதல் பாலத்தில் போய், இரண்டாம் பாலத்தில் திரும்பி வந்து, மறுபடி முதல் பாலத்தில் போய், முடிவே இல்லாமல் சுற்றும். சில நொடிகளில் வலை முழுக்க ஸ்தம்பித்துவிடும். இதைத் தீர்த்தவர் ஒரு பெண்மணி, ராடியா பெர்ல்மன். டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் வேலை பார்த்தவர். பாலங்கள் தங்களுக்குள் பேசி, சுற்று வராத மரக்கிளை அமைப்பை உருவாக்கிக்கொண்டு, உபரிப் பாலங்களைத் தற்காலிகமாகத் தூக்கி வைத்துவிடும் வழியை 1985இல் வெளியிட்டார். அதை விளக்க ஒரு கவிதையும் எழுதி ஆய்வுக் கட்டுரையிலேயே சேர்த்தார். கணக்குக்கும் கவிதைக்கும் ஆகாது என்று சொல்லும் பெண் பிள்ளைகளுக்கு நான் இவரைத்தான் உதாரணமாகச் சொல்வேன்.

ஆனால் பாலம் மட்டும் போட்டு உலகத்தை இணைக்க முடியாது. உலகம் முழுக்க ஒரே ஊரானால் ஒருவர் போடும் தண்டோரா எல்லார் வீட்டிலும் கேட்கும். கோடிக்கணக்கான பெயர்களை எந்தப் பாலம் ஞாபகம் வைக்கும்? பெயரை வைத்து ஆளைத் தேட முடியாது, முகவரி வேண்டும்.

நம் தபால் துறை இதே சிக்கலை 1972 ஆகஸ்ட் 15இல் பின்கோடு கொண்டுவந்து தீர்த்தது. செஞ்சிக்கு 604202. முதல் எண் 6 என்றாலே தெற்கே அனுப்பிவிடலாம். டெல்லியில் தபால் பிரிப்பவருக்கு நம் தெருவைத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஐபி முகவரி என்பதும் இப்படித்தான். அதில் ஒரு பகுதி எந்த வலை என்று சொல்லும், மறு பகுதி அந்த வலையில் எந்தக் கருவி என்று சொல்லும். விண்ட் செர்ஃப், பாப் கான் இருவரும் 1974இல் வெளியிட்ட கட்டுரையில், தனித்தனி வலைகளுக்கு நடுவே கேட்வே என்ற வாசல் வேண்டும் என்று எழுதினார்கள். அந்த வாசலுக்குத்தான் பிறகு ரவுட்டர் என்ற பெயர் நிலைத்தது. 1983 ஜனவரி 1 அன்று அமெரிக்காவின் அர்ப்பாநெட் முழுவதும் இந்த முறைக்கு மாறியது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பில் யேகர் பலவகை வலைகளை இணைக்கும் ரவுட்டருக்கு மென்பொருள் எழுதினார். 1984இல் அங்கே பணியாற்றிய தம்பதியர் லெனார்ட் போசாக், சாண்டி லெர்னர் தொடங்கிய கம்பெனிதான் சிஸ்கோ.

ஆக, பிரிட்ஜ் பெயரைப் பார்த்து அனுப்பும். ரவுட்டர் முகவரியைப் பார்த்து அனுப்பும்.

வயர்லெஸ் இதில் எப்போது வந்தது? அமெரிக்க அரசு 1985இல் சில அலைவரிசைகளை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. மைக்ரோவேவ் அடுப்பு ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸும் அதில் ஒன்று. பழைய கம்பெனிகளுக்கு வேண்டாத, இரைச்சல் நிறைந்த அலைவரிசை அது. அந்தப் புறம்போக்கு நிலத்தில்தான் வைஃபை வீடு கட்டியது. விக் ஹேய்ஸ் தலைமையில் பல வருஷம் பேசிப் பேசி 1997இல் முதல் பொது விதிமுறை வந்தது. வேகம் நொடிக்கு 2 மெகாபிட். 1999இல் 11 மெகாபிட் ஆனது, வைஃபை என்ற பெயரும் அப்போதுதான் வந்தது.

நம் நாட்டில் முன்பெல்லாம் வயர்லெஸ் என்றாலே லைசென்ஸ்தான். 1933இல் வெள்ளைக்காரன் போட்ட கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, வயர்லெஸ் கருவியை உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்திருப்பதே குற்றமாக இருந்தது. என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். ரேடியோப் பெட்டி வைத்திருந்தவர்கள் வருஷா வருஷம் போஸ்ட் ஆபீஸில் பணம் கட்டி லைசென்ஸ் புத்தகத்தில் ஸ்டாம்பு ஒட்டி வருவார்கள். கேட்பதற்கே லைசென்ஸ்! அந்த நாட்டில் 2005 ஜனவரியில் மத்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு, குறிப்பிட்ட சக்திக்குள் பயன்படுத்தினால், உரிமம் வேண்டாம் என்று அறிவித்தது. இன்று நாம் கடையில் பெட்டி வாங்கி வந்து சுவரில் மாட்டுகிறோம் என்றால் அந்த அறிவிப்புதான் காரணம். 2018இல் 5 கிகாஹெர்ட்ஸிலும் பெரிய பகுதி திறக்கப்பட்டது.

அதற்கு முன்பே நம் பக்கத்தில் சிலர் கம்பியில்லாமல் கிராமங்களை இணைக்கப் பாடுபட்டிருக்கிறார்கள். 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. நமக்குச் சில மணி நேரப் பஸ் தூரம். இன்டர்நெட் வில்லியனூரில்தான். அங்கே வரும் தகவலில் எந்த ஊருக்கு எது வேண்டும் என்று பார்த்து, தமிழாக்கி, ரேடியோ வழியாகக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். வீராம்பட்டினம் மீனவர்களுக்கு நாளைக்குக் கடலில் அலை எவ்வளவு உயரம் என்ற செய்தி. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வருவதை எடுத்து, ஒலிபெருக்கியில் ஊருக்கே சொன்னார்கள்.

2004 டிசம்பர் 26. சுனாமி. அதே திட்டத்தில் இருந்த நல்லவாடு கிராமத்து இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். அந்த எச்சரிக்கை தகவல் மையத்து ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கச் சொல்லப்பட்டது. மக்கள் ஓடித் தப்பினார்கள். யோசித்துப் பாருங்கள். சிங்கப்பூரிலிருந்து நல்லவாடு வரை அந்தச் செய்தி எத்தனையோ வலைகளைத் தாண்டி, சரியான முகவரிக்கு வந்தது. வாசல் வாசலாக வழிகாட்டப்பட்டு வந்த பயணம் அது. கடைசி அரை கிலோமீட்டரில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கேட்டாக வேண்டும். அங்கே தண்டோராதான் உயிர் காத்தது. இரண்டில் எது உசத்தி என்ற கேள்விக்கே இடமில்லை. எந்த இடத்தில் எது வேண்டும் என்பதுதான் கேள்வி.

சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் 1990களில் கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறையை உருவாக்கினார்கள். வீட்டுச் சுவரில் ஒரு பெட்டி. போனும் பேசலாம், அதே நேரத்தில் நொடிக்கு 35 கிலோபிட் வேகத்தில் இன்டர்நெட்டும் வரும். இன்று அந்த வேகத்தில் ஒரு போட்டோ திறப்பதற்குள் பொறுமை போய்விடும். ஆனால் மதுரை மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இன்டர்நெட் என்ற சொல் முதலில் நுழைந்தது அதன் வழியாகத்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது தேனிக் கதை. 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. அதன் தேனிக் கிளையைச் சுற்றியுள்ள கிராமங்களில் சிறு பார்வை மையங்கள் திறந்தார்கள். பயிற்சி பெற்ற பெண்கள் அங்கே கண்ணைப் பரிசோதிப்பார்கள். டாக்டர் தேனியிலிருந்தே வீடியோவில் நோயாளியிடம் பேசுவார். கண்புரை விழுந்த ஒரு பாட்டி, கூலியை விட்டுத் துணைக்கு வர ஒரு ஆளைத் தேடிக்கொண்டு, பஸ் ஏறி டவுனுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் வீடியோவுக்கு நல்ல வேகம் வேண்டும். 2000களின் நடுவில் கிராமத்தில் அதற்கு ஏது வழி?

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் எரிக் புரூவர் குழுவினர் அரவிந்தோடு சேர்ந்து ஒரு வேலை செய்தார்கள். வீட்டுக்குள் ஓடுவதற்காகச் செய்த மலிவான வைஃபை அட்டையையே எடுத்து, திசை பார்க்கும் ஆன்டெனா மாட்டி, ஒரு கம்பத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கம்பத்துக்கு அலையை நீட்டினார்கள். இங்கே ஒரு சிக்கல். வைஃபை ஒரு பொட்டலம் அனுப்பியதும் "கிடைத்தது" என்ற பதிலுக்குக் காத்திருக்கும். சின்ன வீட்டுக்காகக் கணக்கிட்ட காத்திருப்பு அது. 15 கிலோமீட்டர் போக ஒளிவேகத்திலும் நொடியில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு ஆகும், திரும்பி வர இன்னொரு பங்கு. பதில் வருவதற்குள் "போய்ச் சேரவில்லை போலிருக்கிறது" என்று மறுபடி அனுப்பும். வேகம் செத்துவிடும். அதனால் ஆளுக்கொரு நேரம் ஒதுக்கி, இவர் பேசும்போது அவர் கேட்க வேண்டும் என்று விதியை மாற்றினார்கள். பள்ளியில் பீரியட் பிரிப்பது போல. 2007இல் இதை வைல்ட்நெட் என்ற பெயரில் வெளியிட்டார்கள்.

அவர்கள் அடுத்த ஆண்டு எழுதிய இன்னொரு கட்டுரை இன்னும் முக்கியம். கிராமத்து வயர்லெஸ் கருவிகளைச் சாகடிப்பதில் அலை, தூரம், மென்பொருள் எல்லாவற்றையும் விடக் கரண்ட்டுக்குத்தான் பெரிய பங்கு என்று கண்டார்கள். திடீரென்று உயரும் வோல்டேஜ், திடீரென்று இறங்கும் வோல்டேஜ். நம் ஊரில் இருப்பவர்களுக்கு இதைக் கட்டுரை எழுதிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த இரண்டு கம்பங்களுக்கு நடுவே உள்ள இணைப்பு, நம் பேச்சில் பாலம். பல கிராமங்கள் சேர்ந்து எந்தப் பொட்டலம் எந்தக் கிராமத்துக்கு என்ற கேள்வி வந்ததும், அங்கே ரவுட்டரின் வேலை தொடங்குகிறது.

சரி, இனி நம் வீடு.

கடையில் வயர்லெஸ் ரவுட்டர் என்று விற்கும் பெட்டி உண்மையில் மூன்று நான்கு ஆட்களை உள்ளே அடைத்த பெட்டி. வெளியுலகத்துக்கும் வீட்டுக்கும் நடுவே நிற்கும் ரவுட்டர் ஒன்று. வீட்டுக் கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் ஆள் ஒன்று. டிஎச்சிபி என்பார்கள். வைஃபை அலை பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் ஒன்று. பின்னால் நான்கு ஓட்டையோடு கம்பி சொருகும் ஸ்விட்ச் ஒன்று. அந்த ஸ்விட்சும் பல வாசல் வைத்த பிரிட்ஜ்தான்.

இன்னொன்றும் அது செய்கிறது. பழைய ஐபி முறையில் மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள்தான். உலகத்துக்குப் போதாது. அதனால் 1994இல் ஒரு வழி சொன்னார்கள். வீட்டுக்குள் 192.168 என்று தொடங்கும் உள்முகவரிகளை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். வெளியே போகும்போது ரவுட்டர் அதை மறைத்துத் தன் ஒரே முகவரியைப் போட்டு அனுப்பும். பதில் வந்தால் யாருக்கு என்று பார்த்து உள்ளே கொடுக்கும். கூட்டுக்குடும்பத்தில் எல்லாக் கடிதமும் தாத்தா பெயருக்கு வந்து, அவர் பிரித்துக் கொடுப்பது மாதிரி. நாட் என்று இதற்குப் பெயர்.

ஒரு வீட்டுக்கு இரண்டு தாத்தா இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு சம்பவம். என்னிடம் படித்த ஒருவர் கோயில் பக்கம் இ-சேவை மாதிரி ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறார். பின் அறையில் வைஃபை கிடைக்கவில்லை என்று ஒரு கடையில் சொன்னபடி இரண்டாவது ரவுட்டர் வாங்கி, இரண்டையும் கம்பியால் இணைத்துவிட்டார். இரண்டு பெட்டிக்கும் ஒரே முகவரி, இரண்டும் "நான்தான் முகவரி கொடுப்பேன்" என்று நின்றன. அமாவாசையன்று அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்கு வந்த கூட்டத்தில் செல்போன் சிக்னலும் திணறியது. கடையில் பாதிக் கணினி வேலை செய்யவில்லை. முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வந்த இரண்டு அம்மாக்கள் மதியம் வரை உட்கார்ந்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்குப் பயந்து போய்விட்டார்கள். மறுநாள் அவர் தம்பி வந்து, இரண்டாவது பெட்டியின் முகவரியை மாற்றி, ஆக்சஸ் பாயின்ட் மோடில் போட்டார். பத்து நிமிஷம். அதே பெட்டி, அதே கம்பி. காசு கொடுத்து வாங்கிய ரவுட்டரை ரவுட்டர் வேலை செய்யாதே என்று சொன்னதும் எல்லாம் ஓடியது. அந்த அம்மாக்கள் மறுபடி ஒரு நாள் கூலியை விட்டு வர வேண்டியிருந்தது.

ஆகவே உங்கள் கேள்விகளுக்குப் பதில்:

மாடியில் வைஃபை வரவில்லையா? தளம் கான்கிரீட், அலை தாண்டாது. கீழிருந்து ஒரு லேன் கம்பி இழுத்து, மேலே ஆக்சஸ் பாயின்ட் மாட்டுங்கள். வீட்டில் பழைய ரவுட்டர் இருந்தால் அதையே அந்த மோடில் போடலாம். கம்பி இழுக்கவே முடியாவிட்டால் ரிப்பீட்டர். ஆனால் ஒரே ரேடியோவில் கேட்டு, அதையே மறுபடி சொல்லும் ரிப்பீட்டர் வேகத்தைப் பாதியாக்கும். கேட்கிற நேரத்தில் அதனால் பேச முடியாது அல்லவா.

மோட்டார் கொட்டகைக்கு வேண்டுமா? அதற்குத்தான் வயர்லெஸ் பிரிட்ஜ். ஜோடியாக விற்பார்கள், வெளியில் மாட்டும் வகை, பெரும்பாலும் 5 கிகாஹெர்ட்ஸ். ஒன்று வீட்டு மாடியில், ஒன்று கொட்டகைக் கம்பத்தில், ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்க வேண்டும். நடுவில் தென்னை, புளியமரம் இருந்தால் உயரத்தைக் கூட்டுங்கள். ஈர இலை அலையைக் குடித்துவிடும். கோடையில் நன்றாக ஓடி ஐப்பசி மழையில் நின்றால் காரணம் அதுதான். எர்த் அவசியம், இடி நம் பக்கம் பொல்லாதது. கேமரா வீட்டு ரவுட்டரிடமே முகவரி வாங்கும். கொட்டகையில் இன்னொரு ரவுட்டர் தேவையில்லை, இன்னொரு மாதக் கட்டணமும் தேவையில்லை.

வீட்டில் இருக்கிற சாதாரண ரவுட்டரையே பிரிட்ஜ் ஆக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: சிலவற்றில் முடியும். வழக்கமான வைஃபை பொட்டலத்தில் மூன்று முகவரிக்குத்தான் இடம். இரண்டு வலைகளைப் பாலமாக இணைக்க நான்கு முகவரி வேண்டும். அந்த நாலாவது வரியைக் கையாளும் வசதிக்கு டபிள்யூடிஎஸ் என்று பெயர். பெட்டியில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இருவேறு கம்பெனிப் பெட்டிகள் இதில் பல சமயம் ஒத்துப்போகாது. ஒரே கம்பெனி ஜோடியே நல்லது.

தம்பி மகனுக்கு: பைபர் கொடுத்தவர்கள் மாட்டிய பெட்டியை பிரிட்ஜ் மோடில் போடலாமா என்று கேட்டாய். போட்டால் அது வெறும் பாலமாகிவிடும். வாசல் காவல் முழுக்க நீ வாங்கும் ரவுட்டர் பொறுப்பு. நல்ல ரவுட்டர் இருந்தால் மட்டும் செய்.

எல்லாருக்கும் பொதுவாக மூன்று விதி. ஒரு வீட்டில் முகவரி கொடுப்பவர் ஒருவரே இருக்கட்டும். காற்றில் ஒரு பாலம் இருக்கும்போது அதே இரண்டு இடத்துக்குக் கம்பியும் போட்டுச் சுற்று உண்டாக்காதீர்கள், வீட்டுப் பெட்டிகள் எல்லாவற்றிலும் ராடியா பெர்ல்மன் உட்கார்ந்திருக்க மாட்டார். மூன்றாவது, ரவுட்டரோடு வரும் அட்மின் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். பிரிட்ஜ் வருகிறவரை யாரென்று கேட்காது, அந்த வேலைக்கு இருப்பது ரவுட்டர் ஒன்றுதான். பிள்ளைகளின் போன், வீட்டுக் கேமரா, பேங்க் கணக்கு எல்லாம் அந்த வாசலுக்கு உள்ளேதான் இருக்கின்றன. செஞ்சியில் எத்தனை முற்றுகை நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மதில் எவ்வளவு உயரமானாலும் வாசல் சாவி ஊருக்கே தெரிந்தால் பயனில்லை.

வீட்டில் இருக்கும் பெட்டியின் மாடல் பெயரைக் கீழே கமெண்டில் எழுதுங்கள். நம் மாணவர்களில் இந்தத் துறையில் வேலை பார்ப்பவர்கள் பத்துப் பேருக்கு மேல் இருக்கிறார்கள், பதில் சொல்வார்கள். தயவுசெய்து பாஸ்வேர்டையும் சேர்த்து எழுதிவிடாதீர்கள். நான் எழுதியதில் சேர்க்க வேண்டியது இருந்தால் அவர்களும் தயங்காமல் சேர்க்கலாம்.

எல்லாரும் நலமாக இருங்கள். பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

உங்கள் ஆசிரியர்,
மேல்மலையனூர்.